ஆமைக்கு ஒரு வரி

வசனமே கிடையாது, முழுக்கப் பாட்டு
என்று ஒப்புக்கொண்டு முன்பணமும் வாங்கிய பிறகுதான்
உறைத்தது:
இந்தக் கதையில் நாயகன் வாய் திறக்கக் கூடாது.

ஏரி வற்றுகிறது. இரண்டு கொக்கு, ஒரு குச்சி,
நடுவில் கவ்வித் தொங்கும் ஆமை.
திறந்தால் விழும்.
கொக்குகளும் அலகால்தானே பிடிக்கின்றன என்று
மாதையன் வேறு நினைவுபடுத்தினான்,
கீபோர்டில் ஒட்டிய தக்காளி விதையை
நகத்தால் சுரண்டியபடி.
ஆக, மூன்று பேரும் ஊமை.
பாட மிச்சம் இருப்பது
அண்ணாந்து பார்த்துச் சிரிக்கும் ஊர் மட்டும்.

சரி, ஊர் பாடட்டும் என்றேன்.

பாலக்கோடு மண்டியில்
ஏலம் முடிந்த கொட்டகையை ஞாயிற்றுக்கிழமைகளில் தந்தார்கள்,
கழுவிவிட்டுப் போக வேண்டும் என்று சொல்லி.
நீல கிரேடுகளை அடுக்கினால் ஏரி.
ஆட்டம் நடக்க நடக்க
ஒவ்வொன்றாய் உருவிவிடுவோம்.
இதை மட்டும் யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

ஆமை, நாகவேணி.
ஓசூரில் தையல் கம்பெனி, இரண்டாம் ஷிஃப்ட்,
வாரம் ஒருநாள் லீவு, அந்த ஒருநாள் எங்களுக்கு.
குச்சியைப் பல்லில் கடித்துக்கொண்டு
ஒரு மதியம் சும்மா முனகினாள்:
ம்.

மூடிய வாய்க்கென்றே ஓர் எழுத்து
நம்மிடம் இருந்திருக்கிறது.
ம்ம் என்று தயங்கினாள். ம்? என்று கேட்டாள்.
காற்று தூக்கும் இடத்தில்
அந்த ஒற்றை எழுத்தை இழுத்து இழுத்து
இரண்டு ஸ்தாயி ஏறி இறங்கினாள்.
மாதையன் எழுதிவைத்திருந்த ஆறு பக்க ஸ்வரத்தைக்
கிழிக்கவில்லை. மடித்து,
ஆடும் ஸ்டாண்டின் காலுக்கு முட்டுக் கொடுத்தான்.

மீதி இருந்தது ஒரே வரி.
விழும்போது ஆமை என்ன சொல்லும்?

பணம் கொடுத்தவர்களுக்கு
வாயடக்கம் வேண்டும் பிள்ளைகளே என்று முடிய வேண்டும்.
"அத எங்க சூப்பர்வைசரே தெனமும் சொல்றாரு,
மைக்குகூட இல்லாம" என்றாள் நாகவேணி.
கோபமாக ஒன்று எழுதினேன். வேண்டாம்.
கெஞ்சலாக ஒன்று. அழுகையாக வந்தது.
'கீழே தண்ணீர் தெரிகிறது' என்று ஒன்று,
அதில் எனக்குக் கொஞ்சம் கர்வம்கூட இருந்தது.
"நல்லாருக்கு. ஆனா இத ஆமை சொல்லாது,
நீதான் சொல்லுவ" என்றான் மாதையன்.
பதினேழாவதை வைத்துக்கொண்டோம்,
நாள் இல்லாததால்.

ஆட்டத்தன்று இருநூறு பிள்ளைகள், சாக்கு விரித்து.
கொக்குகள் குச்சியைத் தூக்கியதும்
நாகவேணி தொடங்கினாள்.
முன்வரிசையில் ஒரு பையன், கதை கேட்கிற பழக்கத்தில்,
ம் கொட்டினான்.
பக்கத்தில் ஒருத்தி.
பிறகு கொட்டகை முழுக்க. தகரம் அதிர்ந்தது.
அவள் பாடுகிறாளா அவர்கள் பாடுகிறார்களா என்று
பிரிக்க முடியாத ஓரிடத்தில்
ஊர் சிரித்தது,
அவள் குச்சியை விட்டாள்,
வாய் திறந்தாள்

நாற்பது நிமிடம் தாமதமாக வந்த பெங்களூர் ரயில்
கொட்டகைக்குப் பின்னால் ஹாரன் அடித்தபடி போனது,
பெட்டி பெட்டியாக.

போய் முடிந்தபோது ஆமை
சாக்குமூட்டை மேல் கிடந்தது.

கழுவிக்கொண்டிருந்தோம். சில பிள்ளைகள் கிளம்பவே இல்லை.
"தண்ணி கேட்டுச்சு."
"இல்ல, கெட்ட வார்த்தை. நான் ஒதட்டப் பாத்தேன்."
"என்னையும் கூட்டிட்டுப் போன்னு
ரயில்கிட்ட கத்துச்சு" என்றவளை
யாரும் மறுத்துப் பேசவில்லை.
நாகவேணியையே கேட்டார்கள்.
தாடை வலிக்கிறதென்று கையால் காட்டிவிட்டு
ஓசூர் பஸ்ஸுக்கு ஓடினாள்.

மாதையன் வாளியைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்து
ரயிலுக்கு ஸ்வரம் குறித்துக்கொண்டிருந்தான்.
அடுத்த மாதம் கிருஷ்ணகிரி என்றேன்.
அங்கே ரயில் கிடையாது.